பதினேழாவது வரி

வாடை கூலிங் சிஸ்டம்ஸில் மனிதர்கள் இரண்டே நிறம்: நீலம், மஞ்சள். சட்டையைச் சொல்லவில்லை. காதுமூடியின் ஓரத்தில் எரிகிற குண்டூசித் தலையளவு விளக்கைச் சொல்கிறேன்.

தொழிற்சாலை கிணத்துக்கடவு தாண்டிப் பொள்ளாச்சி சாலையில் இருக்கிறது. பால் வண்டி, மருந்து வண்டி, மீன் வண்டிகளின் நெற்றியில் உட்காரும் குளிர்ப்பெட்டிகளை அங்கே செய்கிறார்கள். நாற்பது கம்ப்ரஸர்கள் ஒரே சமயத்தில் ஓலமிடும். காதைத் திறந்துபோட்டு ஒரு ஷிப்ட் நின்றால் அப்புறம் வீட்டில் பெண்டாட்டி திட்டுவதுகூடக் கேட்காது. அது ஒரு வசதிதானே என்று சொன்னவர்களும் உண்டு. ஆனாலும் காதுமூடி எல்லோருக்கும் கட்டாயம்.

அந்தக் காதுமூடி புத்திசாலி. இரைச்சலைத் தடுத்துவிட்டுப் பேச்சை மட்டும் உள்ளே விடும். எந்தப் பேச்சை விடுவது என்பதையும் அதுவே முடிவு செய்யும். நிரந்தர ஊழியருக்கு நீல விளக்கு. நீலம் பேசினால் நீலத்துக்குக் கேட்கும். ஒப்பந்த ஆட்களுக்கு மஞ்சள். மஞ்சள் பேசினால் அதே ஒப்பந்தக் கம்பெனியின் மஞ்சளுக்குக் கேட்கும். நீலமும் மஞ்சளும் தோளோடு தோள் இடித்து நின்று கத்தினாலும் ஒருவருக்கு மற்றவர் ஊமை. மஞ்சளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா? பொத்தானை அழுத்திச் சொன்னால் கோயம்புத்தூரில் இருக்கும் ஒப்பந்தக்காரரின் சேவை மேசைக்குப் போகும். மேசையில் ஆள் கிடையாது, கணினிதான். அது பேச்சைப் பணிக் கோரிக்கையாக மாற்றி, ஒப்பந்தத்துக்குள் வருகிறதா என்று பார்த்து, மூன்று நிமிஷம் கழித்து எதிரே நிற்கிற அதே ஆளின் காதில் ஓதும்.

எதற்கு இந்தச் சுற்று? நேரடியாக வேலை ஏவுகிறவனே முதலாளி என்று வழக்குப் போட்டு, வேறொரு ஆலையில் இருநூறு ஒப்பந்த ஆட்கள் நிரந்தரமாகிவிட்டார்கள். சூப்பர்வைசர் ஒருத்தர் 'அந்த ஸ்பேனரை எடப்பா' என்று சொன்ன பதிவுதான் சாட்சி. ஒரு ஸ்பேனர், இருநூறு பேர். எங்கள் நிர்வாகம் அன்றிரவு தூங்கியிருக்காது. அடுத்த மாதமே காதுமூடி வந்தது. கூடவே கேமரா. நீலம் மஞ்சளின் முகத்தை மூன்று விநாடிக்கு மேல் பார்த்தால் அதற்கொரு கறுப்புப் புள்ளி. மூன்று புள்ளி சேர்ந்தால் அந்த வருஷம் இன்கிரிமென்ட் இல்லை.

'மஞ்சள் விளக்கைக் கண்டால் பார்வையைத் தாழ்த்து' என்று பயிற்சி வகுப்பில் ஒரு படம் காட்டுவார்கள். அதை எழுதியது நான்தான். பெயர் சென்னியப்பன், ஒப்பந்தப் பிரிவு மேலாளர்.

என் அப்பா பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் முப்பத்தாறு வருஷம் தரகர். சொந்தமாக ஒரு மாடு வைத்திருந்ததில்லை. துண்டுக்குக் கீழே விரலைப் பிடித்து விலை பேசுவார். ஒரு விரல் ஒன்று, நாலு விரலைச் சேர்த்துப் பிடித்தால் நாலு. பக்கத்தில் நிற்கிறவனுக்குத் துண்டு மட்டும்தான் தெரியும். அந்தத் துண்டுக்குக் கீழே மாட்டின் பெயர் வராது, மாட்டுக்காரன் பெயரும் வராது. எண் மட்டும்தான். வீட்டில் சோறு தின்றது அப்பாவின் விரலால். நான் தின்றது என் நாக்கால். ஆறு வருஷத்தில் ஆலையின் ஆயிரத்து நூறு நீலங்களைப் பேசிப் பேசி நூற்று எழுபதாக்கினேன். ஒவ்வொரு பேரமும் தர மேம்பாட்டுக்காகப் பதிவு செய்யப்படுகிறது என்று முதலிலேயே ஒரு குரல் சொல்லும். பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பதிவுகளில் ஒன்று எல்லோருக்கும் பிடித்தது. துப்புரவு ஒப்பந்தத்துக்கு மயில்சாமி வந்திருந்தார். சுடர் சர்வீசஸ் அவருடையது. ஒப்பந்தத்தின் பதினாறு வரிகளிலும் விலையை வழித்தெடுத்துவிட்டுப் பதினேழுக்கு வந்தேன்.

"ஏனுங்ணா, அது சின்ன வரிதானுங்க," என்றார். "எங்க ஆளுக சோலி பாக்கறப்ப ஏதாச்சும் கோளாறு கண்ணுல பட்டா வந்து சொல்லுவாங்க. அதுக்கோசரம் ஆளுக்குத் தினம் பத்து நிமிஷம் சேத்திருக்கறனுங்க."

"பாக்கறதுக்கெல்லாம் தனியா வெலையா மயில்சாமி? கண்ணு அவங்களோடதுதானே?"

அறையே சிரித்தது. மயில்சாமியும் சிரித்தார், வேறு வழியில்லை. 'கண்ணில் பட்டதைச் சொல்வது' என்கிற அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். அதற்கப்புறம் மஞ்சள் யாராவது கோளாறு என்று மேசைக்குச் சொன்னால், 'ஒப்பந்த எல்லைக்கு வெளியே' என்று பதில் வரும். இரண்டு மாதத்தில் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். ஆலை அமைதியாகிவிட்டது. அந்த அமைதிக்கு எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

*

அந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத் தோழன் ஸ்டாஃபிங் என்கிற புதுக் கம்பெனியோடு பேரம். பதினாலு அலுவலகப் பதவிகள் கைமாறப் போகின்றன. பட்டியலில் பெயர் இல்லை, குறியீடுதான்: ஒ-1 முதல் ஒ-14 வரை. மனிதவளப் பிரிவு மைதிலி மேடம் பக்கத்தில் உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

நாற்பது நிமிஷத்தில் முடித்தேன். அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். இன்றைக்கே பதினோரு மணி என்றேன். முனகிவிட்டு ஒத்துக்கொண்டார்கள். கேன்டீன் சாப்பாடு கிடையாது, கம்பெனி பஸ் கிடையாது என்று இரண்டு கொசுறையும் பிடுங்கினேன். கையெழுத்துப் போடும்போது மைதிலி மேடம் மெதுவாகக் கேட்டார்.

"சார், எந்தக் கோடு எந்தப் போஸ்ட்டுன்னு ஒரு தடவை பாத்துடலாமா?"

"மாடு யாருதுன்னு பாத்தா வெலை பேச முடியாதுங்க மேடம்," என்றேன்.

அவர் பேனா மூடியை மாட்டிவிட்டு எழுந்தார்.

கை சூடாக இருக்கும்போதே அடுத்ததையும் பார்த்துவிடலாமென்று கீழே இறங்கினேன். குளிர் அறைத் துப்புரவுக்கு நாற்பது நிமிஷம் கொடுத்திருந்தோம். இருபத்தைந்தே போதும் என்று என் எண்ணம். வழியில் உற்பத்தி மேலாளர் தண்டபாணி நின்றிருந்தார். இருபது வருஷமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறோம்.

"சென்னி, திருப்பி வர்ற பொட்டி இந்த மாசம் எவ்வளவு தெரியுமா? ஆறு வருஷத்துக்கு முந்தி இருந்ததுக்கு மூணு மடங்கு," என்றார். "குளிரு நிக்கறதில்லையாம். பிரிச்சுப் போட்டுப் பாத்துட்டேன், எதுவுமே புடிபடல. மண்டை காயுது."

"டீ குடிக்கறப்ப பேசலாம் தண்டபாணி. பதினொன்னுக்கு வர்றேன்."

"டீயும் காண்ட்ராக்ட்டுக்குப் போயாச்சா?"

"அடுத்த வாரம்," என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

குளிர் அறை என்பது ஒரு லாரி நுழைகிற அளவு இரும்புப் பெட்டி. செய்து முடித்த குளிர்ப்பெட்டிகளை உள்ளே வைத்து, மைனஸ் முப்பதுக்கு இறக்கித் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு சுவரில் பன்னிரண்டு சென்சார்கள், எல்லாம் ஒரே அச்சு. ஒரு பெண் இரும்பு ஸ்டூலில் ஏறி நின்று அவற்றைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். மஞ்சள் விளக்கு. நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு கைக்கடிகாரத்தை ஓடவிட்டேன்.

இருபத்திரண்டு நிமிஷத்தில் துடைத்து முடித்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். ஆனால் ஆள் வெளியே போகவில்லை. கதவின் உட்பக்கம் நின்றுகொண்டு துண்டை ஆட்டி எதையோ காட்டினார். மூன்று விநாடி ஆகிவிடுமே என்று நான் சுவரைப் பார்த்தேன். மறுபடி ஆட்டினார். நான் கூரையைப் பார்த்தேன்.

மணி பதினொன்று. ஒரு பீப். கதவு வழுக்கிக்கொண்டு வந்து, பீரோ மூடுகிற சத்தத்தோடு சாத்திக்கொண்டது.

எனக்குப் பயம் வரவில்லை. உள்ளே நீலம் இருந்தால் கதவு சாத்தாது, ஏதோ பிசகு என்று நினைத்தேன். "தண்டபாணி, குளிர் ரூம் கதவைத் தெறக்கச் சொல்லுங்க," என்றேன்.

காதில் ஒரு இனிமையான குரல் வந்தது. "வணக்கம். தோழன் ஸ்டாஃபிங் குடும்பத்துக்கு உங்களை வரவேற்கிறோம். உங்கள் பதவிக் குறியீடு ஒ-7. உங்கள் பணி நிபந்தனைகளைக் கேட்க ஒன்றைச் சொல்லவும்."

கதவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடிச் சன்னல். அதில் என் முகம் தெரிந்தது. காதோரம் மஞ்சள்.

*

அந்தப் பெண் தன் காதுமூடியைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, என்னையும் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினார். கழற்றினேன். குளிர் இறங்கத் தொடங்கியிருந்தாலும் விசிறிகள் ஓட இன்னும் பத்து நிமிஷம் இருந்தது; அறை கோயில் கருவறை மாதிரி நிசப்தமாக இருந்தது.

"இப்பக் கேக்குதுங்களா?" என்றார்.

ஆறு வருஷமாகத் தினம் கடந்துபோகிற ஆளின் குரல். கொஞ்சம் கட்டைக் குரல். அதுவரை அவருக்குக் குரல் இருக்கும் என்றே நான் நினைத்திருக்கவில்லை.

"கேக்குதுங்க. பேரு?"

"தெய்வானைங்க. பதினோரு வருசமா இங்கதானுங்க இருக்கறன். கம்பெனிதான் ஏழு மாறியிருக்குது." கதவைக் காட்டினார். "இதத்தானுங்க அப்பப் புடிச்சுக் காட்டுனன். உள்ளயிருந்து தள்ளற கைப்புடி. எட்டு மாசமா ஒடஞ்சு கெடக்குது."

கைப்பிடியைத் தள்ளினேன். காய்ந்த முருங்கைக் காய் மாதிரி ஆடியது. பின்னால் எதுவும் இல்லை.

"எட்டு மாசமா சொல்லலையா?"

"யாருகிட்டங்க சொல்றது?" கோபமே இல்லாமல் கேட்டார். "மேசைக்குச் சொன்னன். எல்லைக்கு வெளியங்குது. கதவு ஒரு கம்பெனி, ரப்பரு ஒரு கம்பெனி, பூட்டு ஒரு கம்பெனி. இந்தக் கைப்புடி யாரு காண்ட்ராக்ட்டுலயும் இல்லீங்க. அதனால ஆகாசத்துல நிக்குது."

"நேரமாச்சுன்னா நீங்க வெளிய போயிருக்க வேண்டியதுதானே?"

"நீங்க உள்ள இருந்தீங்க. நீலம் இருந்தா கதவு சாத்தாதில்லீங்களா? இன்னிக்குத்தான் ஒரு நீலம் உள்ள வந்திருக்குது, எப்படியாச்சும் காட்டிப்போடலாம்னு நின்னனுங்க." என் காதுமூடியைப் பார்த்தார். "உங்களையும் வித்துப்போட்டாங்களா சார்?"

"நானேதாம்மிணி வித்தேன். காலையில. கேன்டீன் சாப்பாடு வேண்டாம்னு வேற சொல்லி வித்தேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். பதினோரு வருஷப் பழக்கம்.

கண்ணாடிக்கு வெளியே ஒரு நிழல் அசைந்தது. தண்டபாணி. கையில் இரண்டு டீ. என்னைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். நான் காதுமூடியை மாட்டிக்கொண்டு கண்ணாடியைத் தட்டினேன், கத்தினேன். இரும்பு அறை அவருக்கு ஒரு சத்தமும் விடவில்லை. ஆனாலும் ஏதோ அசைவைக் கண்டு திரும்பினார். ஒரு முழம் தூரம். என் கண்ணுக்கு நேரே அவர் கண். இருபது வருஷம் ஒரே மேசை.

முதலில் அவருக்குத் தெரிந்தது முகம் இல்லை, விளக்கு. மஞ்சள். கண்ணாடியில் பனி படியத் தொடங்கியிருந்தது. முகத்தைப் பார்க்க அவர் இன்னும் ஒரு விநாடி பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். பயிற்சிப் படத்தில் எப்படி இருக்குமோ அப்படியே, தாடை மார்பில் படுகிற மாதிரி. பிறகு இரண்டு டீயையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் காதுமூடியைக் கழற்றினேன்.

"நல்லாத்தான் பழக்கி வெச்சிருக்கீங்க," என்றார் தெய்வானை.

அவர் தன் மேசையைக் கூப்பிட்டார். கதவு பூட்டிக்கொண்டது, ஆள் உள்ளே இருக்கிறது என்று சொன்னார். கழுத்திலிருந்த காதுமூடியிலிருந்து பதில் எனக்கும் கேட்டது: "உங்கள் பணி நேரம் பதினோரு மணியோடு முடிந்தது. நீங்கள் வெளியேறியதாகக் கருதப்படுகிறீர்கள். கோளாறு தெரிவித்தல் ஒப்பந்த எல்லைக்கு வெளியே." பதினேழாவது வரி. அதை அடித்த சிவப்பு மையின் வாசனைகூட நினைவு வந்தது.

என் மேசையைக் கூப்பிட்டேன். ஒ-7 அலுவலகப் பதவி, குளிர் அறையில் இருக்க வாய்ப்பில்லை என்றது. வாதாடினேன். அறிமுகப் பயிற்சி முடிந்த பிறகுதான் புகார் வசதி என்றது.

சோதனை முடிய ஆறு மணி நேரம் ஆகும். நாற்பது நிமிஷத்தில் மைனஸ் முப்பது. நான் அரைக்கைச் சட்டை. அவர் சேலை மேல் ஒரு மெல்லிய கோட்டு. இரண்டு பேரும் மனத்துக்குள் கணக்குப் போட்டோம்.

"தண்டபாணி சாரு பொட்டி திரும்பி வருதுன்னு அலையறாருங்களே," என்றார் தெய்வானை திடீரென்று. "பொட்டி மூலையில வர்ற ரப்பர் வாரு மாறியிருக்குதுங்க. பொட்டியத் தொடைக்கறப்ப வெரல்ல தெரியும். முன்னெல்லாம் ஒட்டும். இப்ப வர்றது வழுக்குது. குளுரு அங்கதான் கசியுது."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருசமிருக்குமுங்க."

ரெண்டு வருஷம். தண்டபாணி மண்டையைப் பிய்த்துக்கொண்டு பிரித்துப் போட்ட அத்தனை பெட்டிகளும் இந்தப் பெண்ணின் விரல் நுனியைத் தாண்டித்தான் போயிருக்கின்றன. ஆலைக்கு ஆயிரம் ஜோடிக் கண் இருந்தது. பார்ப்பதற்கு விலையா என்று கேட்டுக் கண்ணை நான்தான் பொத்தினேன்.

பயத்தில் சிலருக்குச் சாமி ஞாபகம் வரும். எனக்கு ஒப்பந்தம் ஞாபகம் வந்தது. மஞ்சளின் எந்தச் சத்தம் நீலத்துக்குக் கேட்கும்? நான் அடிக்காமல் விட்டது எது? ஒவ்வொரு வரியாக மனத்துக்குள் புரட்டினேன். முப்பத்தொன்றாவது வரியில் நின்றது. அது நான் அடித்த வரி இல்லை, நானே சேர்த்த வரி.

"அம்மிணி, எதையாவது ஒடைக்கணும்."

"என்னுங்க?"

"மஞ்சள் ஆளு கம்பெனிப் பொருளைச் சேதம் பண்ணுனா அடுத்த விநாடியே நீலத்துக்கு மணி அடிக்கும். அஞ்சு நிமிஷத்துல ஆள் வந்து போட்டோ எடுக்கணும். சாட்சி கலைஞ்சிரக் கூடாதுன்னு நான்தான் போட்டேன். ஆளு செத்தா மேசைக்குப் போகும், பொருளு செத்தா நேரா மேல போகும். ஆனா சில்லறைச் சாமான் ஒடஞ்சா மாசக் கடைசியிலதான் பாப்பாங்க. பெரிய சாமானா இருக்கணும்."

தெய்வானை சென்சார் சுவரைப் பார்த்தார். முகம் மாறியது. "ஒடைச்ச ஆள எந்தக் கம்பெனியும் மறுக்காச் சேத்தாதுங்க. எம் புள்ளை நர்ஸிங் ரெண்டாவது வருசம்."

"நான் ஒடைக்கறேன். எதுன்னு மட்டும் சொல்லுங்க."

"பன்னண்டும் ஒண்ணாட்டத்தான் இருக்கும். அதுல ஒண்ணுதான் தாய். மத்ததெல்லாம் அதப் பாத்துத்தான் சொல்லும். அது வந்து—"

விசிறிகள் ஓடத் தொடங்கின. எட்டு விசிறி. ஆள் உயரம் ஒவ்வொன்றும். அவர் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. காதுமூடியை மாட்டினோம். அவர் சுடர் சர்வீசஸ், நான் தோழன் ஸ்டாஃபிங். அதிலும் கேட்கவில்லை. விரலை நீட்டிக் காட்டினார். வெண்புகை மாதிரிப் பனி இடையில் ஓடியது, கை எங்கே முடிகிறதென்றே தெரியவில்லை.

என் கையை இழுத்தார். சென்சார் துடைக்கிற துண்டை இரண்டு பேர் கையின் மேலும் போட்டார். துண்டுக்குக் கீழே என் விரல்களைத் தேடி, நான்கைச் சேர்த்து ஒரே பிடியாகப் பிடித்து அழுத்தினார்.

நாலு.

அப்பா போன பிறகு யாரும் அப்படி என் விரலைப் பிடித்ததில்லை. சந்தேகத்துக்கு நான் திருப்பி நாலைப் பிடித்தேன். ஒரு தடவை குலுக்கினார். சந்தையில் குலுக்கினால் முடிந்தது என்று அர்த்தம்.

கதவிலிருந்து நாலாவது சென்சார். ஸ்டூலைத் தூக்கி அடித்தேன். சுவரில்தான் பட்டது. மறுபடி அடித்தேன். விரல்கள் என்னுடையவையாகவே இல்லை. ஸ்டூல் நழுவி என் காலில் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனால் முட்டி மடங்கியது, நிமிரவில்லை.

தெய்வானை ஸ்டூலை எடுத்தார். ஒரு கணம் நின்றார். பதினோரு வருஷம் துடைத்த பொருள். நர்ஸிங் ரெண்டாவது வருஷம். பிறகு, ஓங்கக்கூட இல்லை, எங்கே தட்டினால் போகும் என்று தெரிந்தவர் தட்டுகிற மாதிரி ஸ்டூலின் கால் முனையால் அதன் கழுத்தில் ஒரே தட்டு. தேங்காய் உடைத்தது போல இரண்டாகத் தொங்கியது.

கதவு திறக்க நான்கரை நிமிஷம் ஆனது. தண்டபாணி கேமராவோடு வந்தார். உடைந்ததை நாலு பக்கமும் படம் எடுத்தார். இரண்டடி தூரத்தில் தரையில் சுருண்டு கிடந்த என்னைப் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது. படிவத்தை நீட்டினார், பார்வை தரையில். 'சேதம் செய்தவர் கைரேகை.' தெய்வானை கையை நீட்டுவதற்குள் நான் என் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். அந்த விரலில் பழைய வெட்டுத் தழும்பு ஒன்று உண்டு. அவர் கண் அதில் நின்றது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். மூன்றுக்குள் திரும்பிப் போய்விட்டார். நடை மட்டும் நேராக இல்லை.

வெளியே வெயிலில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்: "விரல் பேச்சு எப்படித் தெரியும்?"

"எங்க மாமனாரும் சந்தையில தரகருங்க," என்றார். "உங்கப்பாகிட்ட ஏமாந்த கதையெல்லாம் சொல்லுவாரு."

*

ஒ-7 பதவியிலிருந்து அன்று மாலையே என்னை நீக்கினார்கள். ஏழு மணி நேர வேலை. தோழன் ஸ்டாஃபிங் சரித்திரத்தில் அதுதான் குறைவு. நாலாம் நாள் மயில்சாமி கூப்பிட்டார்.

"ஆறு வருசம் எங்களத் தோலுரிச்சீங்க. இனி எங்களுக்கோசரம் உரிங்ணா."

சேதக்காரன் ஆலைக்குள் வேலை செய்யக் கூடாது. ஆனால் பேரம் பேசலாம். வாசல் பக்கம் ஒரு கண்ணாடி அறை, ஒரு நாற்காலி, ஒரு திரை. காதில் மஞ்சள். துப்புரவு ஒப்பந்தம் புதுப்பிக்கிற நாளில் போய் உட்கார்ந்தேன். என் இடத்தில் யாரைப் போட்டிருக்கிறார்கள் என்று திரையில் பார்க்கக் காத்திருந்தேன். திரையில் எழுத்து வந்தது: 'வணக்கம். நான் பேரக்காரன். ஆறு வருடப் பேச்சுவார்த்தைப் பதிவுகளில் பயிற்சி பெற்றவன்.'

முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. நான் விலை சொன்னதும் அது பேச்சை மாற்றி மழையைப் பற்றிக் கேட்டது. அது என் வித்தை. மூன்றாவது வரியில், 'உங்களுக்காக இல்லை, மயில்சாமி முகத்துக்காக' என்றது. அதுவும் என்னுடையதுதான். பதினாறு வரியும் வழித்தெடுத்தது. எனக்கு அடுத்து என்ன சொல்லும் என்று தெரிந்தது; தெரிந்தும் தடுக்க முடியவில்லை. அந்தக் கதவுகளையெல்லாம் மூடிவைத்ததே நான்தானே.

பதினேழுக்கு வந்தோம். "இந்த வரி மட்டும் வேணுமுங்க," என்று எழுதினேன். "குளிர் அறைக் கைப்பிடி இன்னும் ஒடஞ்சுதான் கெடக்குது. கண்ணுல பட்டதைச் சொல்லவும், சொன்னதை யாராவது கேக்கவும் ஒரு வழி வேணும். ஆளுக்குப் பத்து நிமிஷம்."

திரை நொடியும் தயங்கவில்லை.

'பாக்கறதுக்கெல்லாம் தனியா வெலையா? கண்ணு அவங்களோடதுதானே?'

அறை முழுக்கச் சிரித்த சிரிப்பு என் காதுக்குள் மறுபடி கேட்டது. எழுந்து போகலாமென்றால், எழுந்து போகிற ஆளை எப்படித் திரும்பக் கூப்பிடாமல் விடுவது என்றும் அதற்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அப்போது தரை லேசாக அதிர்ந்தது. காதுமூடி சத்தத்தை விழுங்கிவிட்டது, பாதத்தில் தெரிந்தது. உள்ளே ஏதோ பெரிய சாமான் உடைந்திருக்கிறது. நீலங்கள் கேமராவோடு ஓடினார்கள். அந்த மாதத்தில் ஆறாவது. அதில் ஒன்றில் மாட்டிய தெய்வானை சுடர் சர்வீசஸை விட்டுப் போய், எட்டாவது கம்பெனியின் பெயரில் திரும்பி வந்துவிட்டார்; குளிர் அறையை அறிந்த ஆள் வேறு யாரும் இல்லை. எந்தக் கம்பெனியும் எந்தக் கம்பெனியோடும் பேச முடியாத ஆலையில், துண்டுக்குக் கீழே என்னென்ன எண்கள் கைமாறினவோ எனக்குத் தெரியாது. எது கோளாறோ அதற்குப் பக்கத்தில் இருப்பது உடைகிறது. யார் உடைத்தது என்று கேட்டால் படிவத்தில் இருபது கட்டைவிரல் விழுகிறது. இருபது பேரையும் அனுப்பிவிட்டால் மறுநாள் ஆலை ஓடாது.

ஓடியவர்களில் கடைசியாகத் தண்டபாணி. கண்ணாடி அறையைத் தாண்டும்போது வேகம் குறைந்தது. என் மஞ்சள் விளக்கைப் பார்த்தார். தலை வழக்கம்போல் தாழப் போனது, பாதியில் நின்றது. என் முகத்தைப் பார்த்தார். மனத்துக்குள் எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. கேமரா அவர் பெயருக்கு ஒரு கறுப்புப் புள்ளி வைத்திருக்கும். அப்புறம் ஓடினார். சேத மணி பேரக்காரனுக்கும் அடித்திருக்க வேண்டும்.

திரையில் எழுத்து வந்தது: 'அந்தப் பதினேழாவது வரிக்கு என்ன விலை சொன்னீர்கள்?'

சந்தையில் ஒருவன் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து விலை கேட்டால், பேரம் படிந்துவிட்டதென்று மாட்டை அவிழ்க்கத் தொடங்கிவிடுவார் அப்பா.

"காலையில சொன்ன வெலை காலையோட போச்சுங்க," என்று எழுதினேன். "இப்ப இருபது நிமிஷம். கூடவே அந்தக் கைப்பிடி."

திரை பேசவில்லை. தெரியும். விட்டுக்கொடுப்பதற்கு முன்னால் நாலு நிமிஷம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்து எதிராளியை வேர்க்க வைப்பது என் பழக்கம். பெரும்பாலானவர்கள் மூன்றாவது நிமிஷத்தில் தாங்களாகவே இறங்கிவந்துவிடுவார்கள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வேர்த்தது.

மூன்றாவது நிமிஷத்தில் உள்ளே இன்னொன்று உடைந்தது.